எழுப்பிவிடுகிற அக்கா

கம்ப்யூட்டர் படுத்துத் திரை நீலமாகிவிட்டால் அக்கா முதலில் செய்வது, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் செருகி அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வதுதான். பிறகு திரையில் இருப்பதை முதலிலிருந்து கடைசிவரை உதடு அசைய வாசிப்பார். "கை சும்மா இருக்காதுங்க, எதையாவது அமுக்கிடும்" என்பார்.

ஒரு தடவை அமுக்கியும் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'சரிசெய்யட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்று தட்டினார். ஒரு பல் டாக்டரின் மூன்று மாதக் குறிப்புகள் போன இடம் தெரியவில்லை. சூடு கண்ட பூனை அன்றிலிருந்து கைமேல் உட்காருகிறது.

ஆஸ்பத்திரியில்தான் வேலை, ஆனால் நோயாளி முகம் பார்க்காத வேலை. அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் நாற்பது கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன. பெட்டி கிடையாது, ஒயர் கிடையாது, எல்லாம் வெறும் மென்பொருள். அவற்றுக்கு இடம் கொடுக்கிற மென்பொருளை நிர்வாகம் இந்த வருஷம் மாற்றிவிட்டது. நாற்பதும் மூட்டை முடிச்சோடு குடிமாற வேண்டியதாயிற்று. மாறிய மறுநாள் சிலது கண்ணே திறக்காது. அதனால்தான் அவருக்கு 'எழுப்பிவிடுகிற அக்கா' என்று பேர் வந்தது. இதைக் கேட்டால் அவர் வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரிப்பார். காலையில் மூன்று அலாரம் அடித்து ஓய்ந்தபிறகு அக்காவை எழுப்புகிறவர் அவர்தானே.

போன செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எழுந்திருக்க மறுத்தது பரிசோதனைக்கூடத்தின் கம்ப்யூட்டர். பழைய இடத்தை முந்தின நாளே காலி செய்தாயிற்று. காப்புப் பிரதி இருக்கிறது, அதை இறக்கச் சாயங்காலம் ஆகிவிடும். பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மா கதவோரம் வந்து நின்றுவிட்டார். மேலே ஒருத்தர் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு எடுத்த கட்டியின் ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான், சின்னதாக வெட்டினால் போதுமா, பெரிதாக வெட்ட வேண்டுமா என்று சர்ஜனுக்குச் சொல்ல முடியும்.

"இன்னொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா" என்றார் மேனேஜர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"பத்துத் தடவை தட்டினாலும் இதேதான் சார். அதுக்கு நோவு ஒண்ணும் இல்லை, ஆளு கல்லு மாதிரி இருக்கு. புது வீட்டுல தன்னோட டிஸ்க்குக்குப் போற வழி தெரியலை, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். மேனேஜர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அக்காவுக்கும் உள்ளூரப் பயம்தான். பயம் வந்தால் அவர் இன்னும் மெதுவாக வாசிப்பார்.

அப்புறம் கைகளை வெளியே எடுத்தார். டிஸ்க்கைப் புது வழியிலிருந்து கழற்றி, பழங்காலத்து வழியில் மாட்டினார். மாட்டுவதென்றால் திரையில் நாலு இடத்தில் தட்டுவதுதான். அது மாட்டுவண்டிப் பாதை, ஆனால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரிந்த பாதை. அதோடு ஒன்றுமே எழுதாத குட்டி டிஸ்க் ஒன்றைப் புது வழியிலும் சேர்த்தார். "முதல்ல காலி டிஸ்க்கோட பழகட்டும். பழகினப்புறம் சொந்த டிஸ்க்கையும் அந்த வழிக்கே மாத்திடலாம்."

நீலம் வரவில்லை. சக்கரம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பத்தேமுக்காலுக்கு, எப்போதும் வருகிற அந்த அசட்டு மலைப் படம் திரையில் வந்தது.

மேனேஜர் அப்போதுதான் உட்கார்ந்தார். அக்காவின் முகமெல்லாம் பல். ஆனால் நெட்வொர்க் இன்னும் வரவில்லை. புது வீட்டில் அதற்கும் புது வழி, அதைச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ரிப்போர்ட்டைப் பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது, இந்தத் திரையில்தான் பார்க்கலாம்.

"வாங்க டாக்டரம்மா, இங்கேயே பாத்துக்குங்க" என்று கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார். டாக்டரம்மா குனிந்து பாஸ்வேர்ட் அடித்தார். ஒரு பேர் தேடினார். பக்கம் திறந்தது. மேனேஜர்கூடக் கழுத்தை நீட்டினார். "சார், அது யாரோ ஒருத்தங்களோட உடம்பு" என்றார் அக்கா. மேனேஜர் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். போனை எடுத்தார். "பழைய ரிப்போர்ட் கிடைச்சிடுச்சு. சாதாரணக் கட்டிதான். ஆமா, சின்னதா எடுத்தாப் போதும்." போனை வைத்தார்.

நல்ல சேதியைச் சொல்லலாமென்று திரும்பினால், அக்கா நாற்காலியோடு சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா தோளைத் தொட வேண்டியிருந்தது.