மாட்டுப் படத்துக்குக் கட்டியம் சொன்னவர்

உரக்கடையைத் திறந்து மூட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது என் சினேகிதரின் மனைவி தனத்திடமிருந்து போன் வந்தது. "அண்ணா, உன் சினேகிதரு போயிட்டாரு" என்றார். காலையில் எழுந்து காபி கேட்டவர், அது கைக்கு வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம். நான் கடையைப் பூட்டிக்கொண்டு உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. பூக்கடையிலும் நெல் மண்டியிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "யாரு, மாட்டுப் படத்துக்காரரா?"

அவரேதான். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏகாம்பரம் எங்கள் ஊரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, காரியம் எதுவானாலும் அவருடைய ஒலிபெருக்கிதான் பாடும், அவருடைய சீரியல் விளக்குதான் எரியும். அவர் ஒலிபெருக்கி கட்டாத தென்னைமரம் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் அவரை ஊர் நினைவில் வைத்திருப்பது அதற்காக அல்ல. பழைய ஹாலிவுட் படங்களின் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம் இருந்தது. இங்கிலீஷில் ஒரு வாக்கியம் அவருக்குத் தெரியாது.

இளம் வயதில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொள்ளச் சென்னைக்குப் போனவர் அவர். கடைக்கு எதிரே ஒரு தியேட்டர். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில் அரதப் பழசான கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படங்களை ஓட்டுவார்கள். மின்விசிறிக் காற்றுக்காக உள்ளே போனவர், படத்துக்காகப் போக ஆரம்பித்தார். "பேச்சு புரியலன்னா இன்னா? மூஞ்சி புரியுதே" என்பார். ஊர் திரும்பும்போது ரேடியோ வேலையோடு ஒரு வரிசையையும் மனப்பாடமாகக் கொண்டுவந்தார். தனக்குப் பிடித்த ஐந்து படங்களின் வரிசை அது. படங்களின் அசல் பெயர் அவருக்குத் தெரியாது, அவரே பெயர் வைத்துவிட்டார். ஐந்தாவது, படிக்கட்டிலேயே ஒரு ஜோடி ஆடித் தீர்க்கும் 'மாடிப்படிப் படம்'. நாலாவது, ஒல்லிப்பிச்சான் ஒருவனுக்குச் சொத்தாக ஒரு சிங்கம் வந்துசேரும் 'சிங்கப் படம்'. மூன்றாவது, குதிரை இல்லாத போலீஸ்காரர் வரும் 'நடைப் படம்'. இரண்டாவது, ரயில் நிலையத்திலேயே முழுக் கதையும் நடக்கும் 'பிளாட்பாரப் படம்'.

முதல் இடம் மட்டும் எந்தக் காலத்திலும் மாறியதில்லை. அது மாட்டுப் படம். புருஷனை இழந்த ஒருத்தி, மழை பொய்த்த சீமையில் தன் மாடுகளைத் தனியாக ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகிறாள். ஆற்றைத் தடுத்துப் பெரிய மதகு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான் ஒரு பண்ணைக்காரன். கதை அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் படங்கள் ஆகாது. பாட்டு இல்லாத படம் எனக்கு உப்பில்லாத சாம்பார். "அதுல கலரே இல்லையேய்யா" என்று அவரைச் சீண்டுவேன். "கலர் வந்ததும் மூஞ்சியப் பாக்கறத வுட்டுட்டுப் பொடவையப் பாக்க ஆரம்பிச்சிட்டீங்கடா" என்று திருப்பிக் கொடுப்பார். எங்கள் நட்பின் பெரும்பகுதி இந்தச் சண்டைதான்.

பல வருடம் அலைந்து, சென்னையில் பழைய வட்டுகள் விற்கும் ஒரு கடையில் மாட்டுப் படத்தைக் கண்டுபிடித்தார். அந்த வருடம் திரௌபதியம்மன் திருவிழாவில், கூத்து இல்லாத ஒரு சாயங்காலம் கோயில் திடலில் வேட்டித் திரை கட்டிப் போட்டார். ஒரு வார்த்தை பேசாமல், தன்பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டார். அது வினையாகிவிட்டது. "பாட்டு எங்கய்யா?" என்றார்கள். "இன்னா பேசறாங்கன்னே தெரியலையே" என்றார்கள். பாதியிலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு கூட்டம் எழுந்தது. விழாக் குழுத் தலைவர் வந்து தோளில் கைவைத்து, "போதும் ஏகாம்பரம், ஜனங்க பேஜாராவறாங்க" என்றார். ஏகாம்பரமே படத்தை நிறுத்தினார். வயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "உரக்கடை, எழுதி வச்சிக்கோ. இந்த ஊரு அந்தப் படத்த முழுசாப் பாக்காம நான் கண்ண மூட மாட்டேன்." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். அதன்பிறகு ஊரே அவரைக் கேலி செய்தது.

வழி சொன்னவர் தனம். ஜெனரேட்டரும் வயருமாகக் கணவருடன் எல்லா விசேஷத்துக்கும் போய் நின்றவர். "கூத்துல கட்டியக்காரன் இல்லாம எந்த ராஜாவாவது உள்ள வந்துகீறானா? வர்றது யாரு, எந்த ஊருன்னு அவன் கேட்டு நமக்குச் சொன்னாத்தான புரியுது? நீ பாட்டுக்கு அந்தம்மாவத் திடீர்னு கொண்டாந்து நிறுத்தினா ஜனம் இன்னா பண்ணும்?" என்றார். ஏகாம்பரம் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, "அடிப்பாவி, இத மின்னாடியே சொல்றதுக்கின்னா?" என்றார்.

அடுத்த திருவிழாவில் காலம் அவருக்காகக் கனிந்தது. கூத்து ஆட வந்துகொண்டிருந்த குழுவின் வேன் வாலாஜாபாத் தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டது. இருட்டத் தொடங்கும்போதே திடல் நிறைந்துவிட்டது. தலைவர், "பாட்டு போடு" என்றார். ஏகாம்பரம் திரையைக் கட்டினார், படத்தின் சத்தத்தைக் குறைத்தார், மைக்கைக் கையில் எடுத்தார். விதவை திரையில் வந்ததும் படத்தை நிறுத்தி, "வருகிற அம்மணி யாரோ? எந்த ஊரோ?" என்று கட்டியக்காரன் ராகத்தில் கேட்டார். பிறகு அவளுடைய குரலில் அவரே பதில் சொன்னார்: "நைனா, நான் தாலி அறுத்தவ. எம் மாட்டுக்குத் தண்ணி இல்ல."

திடல் அடங்கிவிட்டது.

பாதிப் படத்தில் பெரியவர் சின்னக்கண்ணு எழுந்து முன்னால் வந்தார். கூத்தில் நன்றாக ஆடுகிறவருக்குத் துண்டு போடுவதும், ஆட்டத்தை நிறுத்தி அதை மைக்கில் சொல்வதும் எங்கள் பக்கத்து வழக்கம். சின்னக்கண்ணு தன் தோளில் கிடந்த புதுத் துண்டை நீட்டினார். "அந்தம்மா ஒண்டியா ஓட்டிக்கினு வருது. இத அதுக்குப் போடுய்யா." வேறு எவராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஏகாம்பரம் படத்தை நிறுத்தி, "மாடு ஓட்டி வரும் அம்மாவுக்கு, நமது சின்னக்கண்ணு அவர்கள் அன்போடு போடும் துண்டு!" என்று அறிவித்து, அதைத் திரை கட்டிய சவுக்குக் கம்பில் மாட்டினார். பிறகு ரவிக்கைத் துணி வந்தது, மாலை வந்தது. கம்பு கொள்ளவில்லை.

அதற்குள் கூத்துக்காரர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். தலைவர் அவர்களை மேடைக்கு அழைத்தார். கூத்து வாத்தியார் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "இரு சாமி, அந்தம்மா தண்ணி கண்டதும் ஆடறோம்." கடைசியில் விதவை மதகின் மேலேறித் திருகைப் பிடித்தபோது திடலே எழுந்து நின்றது. ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிற ஊர் எங்களுடையது, மதகென்றால் என்னவென்று அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "தொறம்மா! தொற!" என்று பெண்கள் கத்தினார்கள். எங்கள் ஏரி மதகைப் பார்த்துக்கொள்ளும் முனுசாமி, "அந்தப் பக்கம் திருவாத, மாட்டிக்கும்!" என்று அவளுக்கு வழி சொன்னார். தண்ணீர் பாய்ந்தது. அந்த ஆரவாரத்தில் ஏகாம்பரம் மைக்கில் பேசியது எவர் காதிலும் விழவில்லை. நானும் கத்தினேன், ஒப்புக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து அது ஊரின் படமாகிவிட்டது. ஒவ்வொரு திருவிழாவிலும் ஒரு சாயங்காலம் மாட்டுப் படத்துக்கென்றே ஒதுக்கினார்கள். சின்னக்கண்ணு போட்ட துண்டை மட்டும் ஏகாம்பரம் துவைத்து மடித்து, ஆம்பிளிஃபயர் மேல் வைத்துக்கொண்டார். "இது என்னோடது இல்ல, அந்தம்மாவோடது. நான் பாத்துக்கினு கீறேன், அவ்ளோதான்" என்பார்.

வழியனுப்பும் நாளில் அவருடைய ஒலிபெருக்கியே அவருக்காகப் பாடியது. கூத்து வாத்தியார் வந்திருந்தார், முனுசாமி வந்திருந்தார். தூக்கும் நேரத்தில் தனம் உள்ளே போய் அந்தத் துண்டை எடுத்து வந்தார். பாட்டை நிறுத்தச் சொல்லி, மைக்கை வாங்கினார். கணவரின் ராகத்திலேயே சொன்னார்:

"நமது ஏகாம்பரம் அவர்களுக்கு, மாட்டுப் படத்து அம்மா அன்போடு போடும் துண்டு!"

துண்டை அவர் மார்பின் மேல் விரித்தார். யாரோ ஒருவர் கைதட்டினார். அடுத்த நொடி தெருவே தட்டியது. சாவு வீட்டில் அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தோடேயே அவரைத் தூக்கி, ஏரிக்கரை வழியாகக் கொண்டுபோனோம்.

போய் வாருங்கள், ஏகாம்பரம். கடைசி வரைக்கும் ஒருவரும் எழுந்து போகவில்லை.