தாளில் முதல் வரி கடைமடைக்கு

ஜெயசீலன் இறந்துவிட்டார் என்று எனக்கு யாரும் போன் செய்து சொல்லவில்லை. பாசன சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், டிஏபி உர மூட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்ற விசாரிப்புக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்கப் படத்துக்கும் நடுவில், தரங்கம்பாடியில் மாலை அடக்கம் என்று இரண்டு வரி இருந்தது. அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். அவரோடு ஒரே அறையில் பல வருடம் உட்கார்ந்து வேலை செய்தவனுக்கும் அதே இரண்டு வரிதான். பஸ் ஏறிப் போனேன்.

தஞ்சாவூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து இணையதளம் செய்து கொடுத்ததை உங்களில் பலர் அறிவீர்கள். ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியறைதான் எங்கள் நிறுவனம். நான் எம்.சி.ஏ. முடித்துச் சென்னையில் வேலை பார்த்து, என்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் எனக்கு மேலே போவதைப் பார்த்துச் சலித்துத் திரும்பியவன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. அவர் கடலோரக் கடைமடைக்காரர். தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மிச்சமிருந்தால் வந்து சேரும் இடம். எங்கள் நிலமெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டது என்று தெரிந்தும் அவர் என்னை “மிராசு” என்றே கூப்பிட்டார். முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பதை நிறுத்தினேன். அவர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு வேலை. ஒரு கிளை வாய்க்காலின் பாசன விவசாயிகள் சங்கத்துக்கு இணையதளம் நடத்துவது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் ஊருக்கு ஊர் முறை வைத்து விடுவார்கள். எந்த ஊர் மதகு என்றைக்குத் திறக்கும், என்றைக்கு மூடும் என்ற அட்டவணையை வாராவாரம் நாங்கள் ஏற்ற வேண்டும். நான் அந்தப் பக்கத்தைக் கரும்பச்சைத் தலைப்பும் வெள்ளை எழுத்துமாக வடிவமைத்தேன். அழகாக இருந்தது, இப்போதும் சொல்வேன். ஜெயசீலன் அதைக் கீழே கொண்டுபோய் அச்செடுத்து வந்து, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“தலைப்பு எங்க மிராசு? கண்ணுக்குத் தெரியாத மையில எழுதிட்டீங்களா?”

அச்சில் பின்னணி நிறம் விழவில்லை. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து.

“இப்ப யாருங்க பிரிண்ட் எடுக்குறா?” என்றேன்.

“போன்ல பாக்குறவன் பாத்துட்டுத் தள்ளிட்டுப் போயிடுவான். சுவத்துல ஒட்டுனது ஒரு போகத்துக்கு நிக்கும்.”

அன்றே அச்சுக்கென்று தனியாக ஒரு ஸ்டைல்ஷீட் எழுத ஆரம்பித்தார். அதே பக்கம்தான்; திரைக்கு ஒரு உடுப்பு, தாளுக்கு ஒரு உடுப்பு. தாளில் மெனு வராது, படங்கள் வரா, நிறம் வராது. “மேலும் அறிய இங்கே அழுத்தவும்” என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்து, “தாள்ல எங்க அழுத்துறது? நீங்களே வந்து அழுத்திக் காட்டுவீங்களா?” என்று கேட்டார். அடியில் வடிவமைப்பாளர் என்று என் பெயர் இருந்தது. அதையும் மறைத்தார். சண்டை போட்டேன். “பேரு எதுக்கு? தண்ணி வரலன்னா நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க” என்றார். நான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மறைப்பதற்கென்றே எழுதிய கோப்பு அது என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

எவ்வளவு சுருக்கியும் அட்டவணை ஒரு தாளைத் தாண்டியது. அந்த நிலையில் ஒரு நாள் வாய்க்கால் பக்கம் போனோம். உரக்கடைச் சுவரில் முதல் தாள் மட்டும் ஒட்டியிருந்தது. இரண்டாவது தாளைப் பக்கத்து டீக்கடையில் பார்த்தோம். அதன் மேல் பஜ்ஜி இருந்தது. ஊர்களின் பெயர், தண்ணீர் முதலில் வரும் தலைமடையிலிருந்து வரிசையாகப் போகும் என்பதால், இரண்டாம் தாளில் இருந்தவை எல்லாமே கடைமடை ஊர்கள். மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் சட்டைப் பையிலும் முதல் தாள்தான். “இதுல இல்லாத ஊருக்கு நான் எப்படிங்க தண்ணி விடுறது?” என்று அவர் நியாயமாகவே கேட்டார். ஜெயசீலன் திரும்பி வந்து ஓரங்களையும் வரி இடைவெளியையும் குறைத்து, கடைசி ஊர்வரை ஒரே தாளில் கொண்டுவந்த பிறகுதான் சாப்பிடப் போனார்.

அடுத்த சங்கத் தேர்தலில் தலைமடை ஊர்க்காரர் ஒருவர் தலைவரானார். தன் படம் பக்கத்தின் மேலே பெரிதாக வேண்டும் என்றார். தாளிலும் வேண்டும் என்றார். “சுவத்துல ஒட்டுறதுல என் மூஞ்சி இல்லன்னா நான் எதுக்குய்யா தலைவரு?” படம் வந்தால் அட்டவணை மறுபடி இரண்டாம் தாளுக்குப் போகும் என்று ஜெயசீலன் இரண்டு மூன்று முறை விளக்கிப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில், “வச்சிடலாங்க” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வேலை போனால் கடையை மூட வேண்டியதுதான்.

அந்த வாரம் தலைவர் கையில் தாளோடு படியேறி வந்தார்.

“எங்க ஊரு எங்கய்யா?”

“ரெண்டாம் பக்கத்துல இருக்குங்க” என்றார் ஜெயசீலன்.

“ரெண்டாம் பக்கத்த எவன்யா ஒட்டுறான்?”

“அதத்தாங்க நானும் உங்கள்ட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

திரையில் வரிசை எப்போதும்போல் இருந்தது. அச்சில் மட்டும் தலைகீழ். தலைவரின் படத்துக்குக் கீழே முதல் வரியில் கடைமடை. ஜெயசீலன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைச் செய்திருந்தார். “தலைமடைக்குத் தாள் எதுக்குங்க? ஷட்டரத் தூக்குனா தண்ணி உங்க வாசல்ல நிக்கும்” என்று தலைவரிடம் நிதானமாகச் சொன்னார். வேலை மன்னார்குடியில் ஒரு நிறுவனத்துக்குப் போனது. மாடியைக் காலி செய்தோம். அவர் ஊருக்குப் போனார். நான் ஒரு தனியார் கல்லூரியில், என் படிப்புக்குப் பொருந்தாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

புதியவர்கள் கோப்புகளை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். அச்சில் வரிசையைத் திருப்புவது எந்த வரி என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. தலைவரின் ஊர் முதல் தாளுக்கு வர ஒரே வழிதான் இருந்தது. அவரே தன் படத்தைத் தாளிலிருந்து எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து எல்லா ஊரும் ஒரே தாளில், கடைமடை முதலாக.

அடக்கம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவருடைய தூரத்து உறவினர் ஒருவர், விவசாயி, பேச்சுவாக்கில் சங்கத்தைப் பற்றிச் சொன்னார். “நாங்க கடைசி ஊருங்க. ஆனா தாள்ல மட்டும் எங்க ஊருதான் மொதல்ல. சங்கம் ஆரம்பிச்சதுலேர்ந்து அதான் வழக்கம்.” நான் அவரைத் திருத்தவில்லை. பஸ் வந்துவிட்டது.

ஜெயசீலன் என்னைக் கேட்காமல் அதைச் செய்தது சரியில்லை. அந்த வேலையை இழந்தது அவர் மட்டும் அல்ல. அவரைத் தெரிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல் நல்லதை மட்டும் சொன்னால் அது அவருக்கே பிடிக்காது. ஆனால் அவருடைய ஒரு பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. எந்தப் பக்கத்தைச் செய்தாலும் அச்சு முன்னோட்டத்தைத் திறந்து, தாளை விட்டு விழுந்தது யார் என்று முதலில் பார்க்கிறேன். சென்ற வாரம் எங்கள் கல்லூரியின் தேர்வு அறைப் பட்டியலில் கடைசி மாணவி ஒருத்தியின் பெயர் மட்டும் அடுத்த தாளுக்குப் போயிருந்தது. ஓரத்தைக் கொஞ்சம் குறைத்து அவளை உள்ளே கொண்டுவந்தேன்.