ஆத்தா திறக்காத பொட்டலம்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் என் சித்திக்கு ஆத்தா வரும். மற்றவர்களுக்குச் சாமி வந்தால் கத்துவார்கள், குதிப்பார்கள். சித்திக்கு வந்தால் குரல் இறங்கிவிடும். காதோடு பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் கோயில் வாசலில் நிற்கிறவனுக்கும் கேட்கும். எனக்கு அதுதான் பயம். பயத்தை மறைக்க நான் கேலி செய்வேன்.

"சித்தி, ஆத்தாவுக்கு அறிவு வேணும்னா வாத்தியார்கிட்ட போயிருக்கலாமே? பனடோல் மாத்திரை அட்டையக்கூட என்கிட்ட வாசிக்கத் தர்ற ஒங்ககிட்ட எதுக்கு வருது?"

"எனக்கு என்னடா தெரியும்? அது வர்றப்ப நான் இருக்கிறதில்லையே" என்பாள்.

அக்காவுக்குக் கொழும்பில் தையல் வேலை கிடைத்திருந்தது. அம்மாவோ அவள் பெயரைத் தோட்டத்தில் பதிந்து, கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பப் பார்த்தாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியபோது, பூக் கட்டிப் பார்ப்பதென்று முடிவானது. இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு. ஆத்தா வெள்ளையை எடுத்தால் போகலாம், சிவப்பென்றால் இருக்க வேண்டும். கேட்பவள் கட்டக் கூடாது என்பதால் வேலை என் கைக்கு வந்தது.

அக்கா போனால் வீட்டில் இருக்கிற ஒரே முகம் பார்க்கும் கண்ணாடி முழுக்க எனக்குத்தான். கோயில் பின்னால் தனியாக நின்று, ஒரே மரத்தில் பறித்து, இரண்டிலும் வெள்ளையே வைத்துக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். பனி கோயில் வாசல் வரை வந்து நின்றது. சித்தி ஆடவில்லை. கொழுந்துக் கறை பிடித்த விரலால் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை. அம்மா முகம் விழுந்தது. நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டும் வெள்ளைன்னு நெனச்சிருக்கான் இவன்."

அந்தத் தணிந்த குரல் என் பிடரியில் ஊர்ந்தது. அம்மா என் காதைப் பிடித்து முறுக்கினாள்.

"நாசமா போறவனே, ஆத்தாகிட்டயேவா?"

"யாரோ கோள் சொல்லிட்டாங்கம்மா!" என்றேன். நான் கட்டும்போது பார்த்துச் சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

சித்தி கண்ணைத் திறக்காமலே அக்கா பக்கம் திரும்பினாள். பிரிக்காத பொட்டலத்தை அவள் கையில் வைத்து மூடினாள்.

"நீ கேக்க வரல. சொல்ல வந்த. சொல்லு."

அக்கா அம்மாவை நேராகப் பார்த்து, "நான் போறேன்மா" என்றாள். அம்மா என் காதை விட்டாள். ஆத்தா இறங்கியதும் சித்தி தண்ணீர் குடித்துவிட்டு, "என்ன எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

அக்கா போய் ஒரு மாதத்துக்குப் பிறகு போனில் சீண்டினேன்.

"என்னா கொழும்பு மேடம், ஆத்தா குடுத்த பார்சல் பத்திரமா?"

"நேத்துதான் பிரிச்சேன். ரெண்டுலயும் வெள்ளதானே வச்ச?"

"ஆமா. ஒரே மரத்துல பறிச்சது."

"இது செவப்புடா. வாடக்கூட இல்ல."

அவள் பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்ப... திரும்பி வரப்போறியா?"

"எதுக்கு? நான்தான் கேக்கவே இல்லையே" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. காதோடு பேசுகிற மாதிரி.