சாயக்குட்டையில் நின்ற பறவை

புதுத் துண்டை வாளியில் ஊறப்போட்டேன். சிவப்பு இறங்கி, புளித்த சாய வாசம் எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. குமாரபாளையத்தில் எங்கள் சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த குட்டையின் வாசம் அது. பட்டறைக் கழிவு ஒருநாள் பச்சையாகவும் ஒருநாள் ரோஜா நிறமாகவும் வந்து தேங்க, மூங்கிலில் தொங்கும் நூல் சொட்டிக்கொண்டே இருக்க, மோட்டார் ஓயாமல் இரைய, அதில் நின்று பூச்சி தேடும் கொக்குகளுக்கு வயிறுவரை நிறம் ஏறியிருக்கும். என் சின்ன வயதில் அப்படியொரு காலையில்தான், கொக்கைவிட உயரமாய், நீண்ட கழுத்தோடு, இளஞ்சிவப்பாய் ஒன்று தனியாக நின்றது.

நூல் பிழிந்துகொண்டிருந்த அம்மாவை இழுத்துவந்து காட்டினேன்.

"அது நம்ம சாயத்துல நனைஞ்ச கொக்குதான், சாமி. கைய உடு, நூலு காயோணும்" என்று திரும்பிவிட்டாள்.

குட்டையை மூடி இப்போது லாரி நிறுத்துகிறார்கள். அன்று நான் பார்த்தது பூநாரை என்று பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுவதற்காக எத்தனையோ முறை எழுதி எழுதி அழித்திருக்கிறேன். சரிபார்ப்பவர்கள் முதலில் கேட்பது, அலகு வளைந்திருந்ததா என்றுதான். சாயம் இறகை மாற்றும், கொக்கின் நேரான அலகை வளைக்காது. கண்ணை மூடினால் எனக்கு வளைந்த அலகுதான் தெரிகிறது. ஆனால் அது குட்டையில் பார்த்ததா, பிற்பாடு புத்தகப் படத்தில் பார்த்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பொறுக்கமாட்டாமல், ஈரக் கையோடு அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் எந்தப் பறவைப் புத்தகத்தையும் திறந்தவளில்லை. குட்டையில் ஒருநாள் உயரமாக ஒரு பறவை நின்றதே, ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"அந்த மூக்கு ஒடிஞ்ச கொக்குதான சாமி? பாவம், அது எப்படித்தான் தின்னு பொழச்சுதோ!"