விலாசினி சேச்சி உட்கார்ந்த சனிக்கிழமை

விலாசினி சேச்சி பத்தொன்பது வருடமாக மிட்டாய்த் தெருவில் எங்கள் கடையின் இரண்டாம் மாடியில் கல்யாணப் புடவை விற்கிறார். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு எட்டு வரை நிற்க வேண்டும். சாயங்காலம் கணுக்கால் இரண்டும் நேந்திரம்பழம் மாதிரி வீங்கிவிடும். வீடு திரும்பும் பேப்பூர் பஸ்ஸில் இடம் கிடைத்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நீளமாக ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சுக்காகவே நான் முண்டியடித்து ஏறி இடம் போடுவேன். அவரிடம் சொன்னதில்லை.

கடையில் கல்லாவில் இருப்பவருக்கு நாற்காலி உண்டு, வாங்க வருபவர்களுக்கு உண்டு, புடவை கட்டிய பொம்மைக்குக்கூட ஒன்று உண்டு. எங்கள் ஏழு பேருக்குத்தான் கிடையாது. ஒரு மதியம், ஆளில்லாத நேரத்தில், சேச்சி பொம்மையின் நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் சுகுணன் சார் படியேறி வந்தார்.

"என்ன விலாசினி, பொம்மை வேலைக்கு மாறியாச்சா?"

"பொம்மைக்குக் கால் வலிக்காது சாரே. எனக்கு வலிக்குது."

"வலிச்சா வீட்ல இரு. இன்னொரு தடவை உக்காந்தா அப்படியே கெளம்பிடலாம்."

மறு வாரம் சுகுணன் சார் எர்ணாகுளத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் நாற்பத்தொரு விதிகளோடு திரும்பினார். அச்சடித்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் சேச்சிதான். சாப்பாட்டு நேரத்தில், மத்திக் குழம்புக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"பதினொண்ணு. ஒரு புடவையை மடிச்சு அலமாரில வச்ச பிறகுதான் அடுத்ததைப் பிரிக்கணும். இருபத்தாறு. மேனேஜர் எழுதித் தராம இடத்தை விட்டு நகரக் கூடாது."

"இப்படிச் செஞ்சா ஒரு புடவையும் போகாதே சேச்சி!"

"சார் சொன்னா கேக்க வேண்டாமா மோளே?"

சனிக்கிழமை கொயிலாண்டியிலிருந்து பதினாலு பேர் கல்யாணப் புடவைக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு முன்னால் புடவை மலையாகக் குவிய வேண்டும். அத்தைமார் அதில் கைவிட்டுத் துழாவி, அடியில் கிடப்பதை உருவினால்தான் புடவை எடுத்த மாதிரி.

சேச்சி ஒன்றைப் பிரித்தார். பெண்ணின் அத்தை உதட்டைப் பிதுக்கினாள். சேச்சி அதை மடிப்பு மடிப்பாக நீவி, குண்டூசி குத்தி, தன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்த ஏணியில் ஏறி வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.

"என்னடீ இது, ஹோமியோ மருந்தா? ஒண்ணொண்ணா தர்றே?"

"கடை விதி அம்மா. நாங்க என்ன பண்ண?" என்றார் சேச்சி.

நாங்கள் மற்ற ஆறு பேரும் சீட்டு எழுதிக்கொண்டிருந்தோம். 'மூன்றாம் அலமாரி வரை, ஒன்பது அடி, போய்வர அனுமதி வேண்டும்.' தண்ணீருக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, மூத்திரத்துக்கு ஒன்று. சுகுணன் சார் பன்னிரண்டு மணிவரை அறுபத்து மூன்று கையெழுத்துப் போட்டார். பேனாவில் மை தீர்ந்துபோனது.

"கீழ போய் வேற பேனா எடுத்துட்டு வாடீ!" என்றார் என்னிடம்.

"சீட்டு எழுதிட்டேன் சாரே. கையெழுத்துப் போடுங்க."

பதினாலு பேரும் எழுந்து படியிறங்கப் போன நேரத்தில் முதலாளி ஹாஜியார் ஏறி வந்தார்.

"என்ன சுகுணா, கல்யாணக்காரங்க போறாங்க?"

"இவளுக வேணும்னே பண்றாளுக. நான் சொன்னதை..."

"கேக்கலியா?"

சேச்சி விதித்தாளை நீட்டினார். ஹாஜியார் பதினொன்றைப் படித்தார், இருபத்தாறைப் படித்தார், சுகுணன் சாரைப் பார்த்தார்.

"விலாசினி, பழையபடி காட்டு."

"காட்டுறேன் ஹாஜியாரே. எழுதிக் கொடுங்க. வாய்ச்சொல் செல்லாதுன்னு முப்பதாம் விதில இருக்கு. கூடவே, ஆளில்லாதப்ப நாங்க உக்காரலாம்னும் ஒரு வரி."

படியில் அந்த அத்தை இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஹாஜியார் அவளைப் பார்த்தார், தன் பேனாவை எடுத்தார். தாளின் பின்பக்கம் இரண்டு வரி, கீழே கையெழுத்து.

இரண்டு மணிக்குள் புடவை மலை எழும்பியது. அத்தை அடியிலிருந்து பதினொரு புடவை உருவினாள்.

நாலு மணிக்குக் கிடங்கிலிருந்து ஏழு ஸ்டூல் வந்தது. மாடி காலியாக இருந்தது. சேச்சி உட்கார்ந்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டினார். சுகுணன் சார் படியேறி வந்து எதிரில் நின்றார்.

"சொல்லுங்க சாரே," என்றார் சேச்சி, எழாமலேயே.

சார் ஸ்டூல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். இறங்கிப் போனார்.

"நீ ஏன் மோளே நின்னுட்டிருக்கே?" என்று பக்கத்து ஸ்டூலைத் தட்டினார் சேச்சி. உட்கார்ந்தேன்.