பால் சுரக்கத் திருக்கை

வால் வெட்டப்படாத திருக்கை என் மேசைக்கு வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முகத்துவாரத்துப் பக்கம் படகுகள் மீன் இறக்கும் இடத்தில் திருக்கைகளை அளந்து எழுதுவது என் வேலை. என்ன இனம், ஆணா பெண்ணா, அகலம் எவ்வளவு, வயிற்றில் குட்டி உண்டா. மீன்களை ஆராயும் அலுவலகம் ஒன்று இதற்கென்று படிவம் தந்திருக்கிறது. அதில் முதல் கேள்வியே வாலைப் பற்றியது. வாலில் உள்ள முள் குத்தினால் ஆள் ஒரு கிழமை எழும்பமாட்டான் என்பதால், கடலிலேயே வாலைத் தறித்து எறிந்துவிட்டுத்தான் கரைக்கு வருவார்கள். "இனம் தெரியாது" என்று எழுதி எழுதியே கை சலித்துவிட்டது. அலுவலகத்திலிருந்து போன் எடுத்து, கொஞ்சம் கவனமாகப் பார்க்கச் சொல்லுவார்கள். என்ன கோதாரி, இல்லாத வாலை எப்படிக் கவனமாகப் பார்ப்பது?

படிவத்தில் ஸ்கேட் என்றும் ஒரு கட்டம் உண்டு. அதுவும் தட்டை மீன்தான். கண்டால் எங்கள் ஆட்கள் அதையும் திருக்கை என்றே சொல்லுவார்கள். ஸ்கேட்டின் வால் தடிப்பு, நுனிப் பக்கம் இரண்டு சின்னச் செட்டை, நச்சுமுள் கிடையாது. தோல்பை மாதிரி முட்டையைக் கடலடியில் இட்டுவிட்டுத் தன் பாட்டில் போய்விடும். நல்ல சீவியம். இங்கே அது ஆழத்தில் கிடப்பதால் இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூட நான் அளந்ததில்லை. திருக்கை அப்படியல்ல, குட்டியை வயிற்றுக்குள் வைத்தே வளர்க்கும். தொப்புள்கொடி இல்லை. மஞ்சள் கரு தீர்ந்ததும் கருப்பையின் சுவரே பால் போன்ற ஒன்றைச் சுரந்து குட்டிக்கு ஊட்டும். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குச் சரியான பெருமை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க எங்கள் சனம் திருக்கை கொடுப்பது சும்மா இல்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

போன வருடம் என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். கலியாணமாகி ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அம்மா உயிரோடு இல்லை, அவளுடைய கணவருக்குக் கப்பலில் வேலை. ஆகவே எல்லாம் என் தலையில். நான் இருப்பது கொட்டாஞ்சேனை, அவள் வெள்ளவத்தையில் நாலாம் மாடி, லிப்ட் பாதி நாள் வேலை செய்யாது. வேலை முடிந்ததும் ஒரு துண்டுத் திருக்கையோடு பஸ் ஏறுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். திருக்கையின் சதையில் மூத்திர உப்பு ஊறியிருக்கும், வெயிலில் நாறத்தான் செய்யும். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி அரைத்துச் சரக்குக் கறி வைப்பேன்; மிச்சத்தை அவித்து உதிர்த்து வறை. ஐந்து கிழமை இதேதான், ஞாயிறு மட்டும் பூசைக்காக விடுமுறை.

பால் வந்தது, பிள்ளைக்குப் போதவில்லை. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால் நிறை குறிக்கும் அட்டையில் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது. தாய்ப்பாலோடு பால்மாவும் கொடுக்கத் தொடங்குங்கள் என்றார் டொக்டர். தங்கை வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"இன்னும் ஒரு கிழமை பாப்பம் டொக்டர். எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் பால் இல்லாமப் போகேல்ல."

பச்சைப் பொய். இப்போது ஆறடி வளர்ந்து நிற்கும் என் மகன் மூன்றாம் கிழமையிலிருந்து பால்மா குடித்தவன். அப்போது தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்கள் வந்தால் அம்மாவும் நானும் டின்னை அரிசி வாளிக்குள் ஒளிப்போம். இரண்டு வருடம் பால் கொடுத்தேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை போலாகிவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம். கிளினிக்கிலிருந்து வரும் வழி முழுக்கப் பிள்ளை பசியில் கத்தியது. நான் செய்ததெல்லாம் மறுநாள் இன்னும் பெரிய துண்டாக வாங்கியதுதான்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை ஒரு பெண் திருக்கை உயிரோடு வந்தது, வாலோடு. அதிசயம் என்று அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சீமெந்துத் தரையில் கிடந்து செட்டைகளை அடித்தது. நான் குனிந்து நாடாவை வைக்கும்போதே குட்டி போட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று, வெற்றிலைச் சுருள் மாதிரி. இரண்டும் முற்றாதவை.

"மடுவா இப்பிடித்தான் அக்கா, புடிச்சாப் பயத்துல போட்டுடும்," என்றார் மீன் வெட்டுபவர். கொழும்பில் பாதிப் பேருக்குத் திருக்கை மடுவாதான். "நீங்க போட்டு அமத்தாதீங்க, வயித்துல இருக்கிற மிச்சத்தையும் தள்ளிடும்."

இதை எழுத எனக்குத் தெரியும். பிடிபட்ட அதிர்ச்சியில் குறைக்குட்டி, இரண்டு. எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், அன்றும் எழுதினேன். பிறகு அதே தாயில் ஒரு துண்டை வெட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் மூன்று மணி. தங்கை பிள்ளையை மார்போடு அணைத்தபடி கதிரையில் இருந்தாள். பிள்ளைக்கு அழுது அழுது தொண்டை அடைத்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன், "இண்டைக்குப் பால் எப்பிடி? கூடியிருக்கோ?"

"நான் சாப்பிட்டனானோ, நித்திரை கொண்டனானோ எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களே அக்கா?" அவளுடைய குரலில் கோபம்கூட இல்லை. "வாற சனமெல்லாம் என்ர நெஞ்சைத்தான் பாக்குதுகள். நீங்களும்தான்."

"பிள்ளைக்காகத்தானே..."

"உங்களுக்கு ரெண்டு வருஷம் வந்தது. எனக்கு மட்டும் ஏன் வருகுதில்ல? நான் ஒரு தாயே இல்லையோ?"

மாதாவே, அந்த நேரத்திலும் கறியை அடுப்பில் வைத்துவிட்டு வந்து கதைக்கலாம் என்றுதான் எனக்கு ஓடியது. அவ்வளவுக்குச் செக்குமாடாகிப் போயிருந்தேன். பையைச் சிங்க்கில் போட்டேன்.

"எனக்கும் வரேல்ல," என்றேன். "மூண்டாம் கிழமையோட நிண்டு போச்சு. அவன் பால்மாவில வளந்தவன். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

அழுவாள், என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"இதைத் தெரிஞ்சுகொண்டோ எனக்கு ஐஞ்சு கிழமை திருக்கை தந்தனீங்கள்? தெரிஞ்சுகொண்டோ டொக்டரிட்ட அப்பிடிச் சொன்னனீங்கள்?"

நாலு மாடி இறங்கிக் கடைக்குப் போய் டின் வாங்கி வந்தேன். தண்ணீர் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பால் கரைத்துக் கொடுத்தேன். பிள்ளை மூச்சு விடாமல் குடித்து முடித்தது. தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் இருட்டும்வரை எழும்பவில்லை.

அடுத்த கிளினிக் நாளுக்கும் நான் போனேன். வாசலில் வைத்து என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள்.

"நீங்க வெளியில இருங்கோ அக்கா. நான் கதைக்கிறன்."

வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். உள்ளே டொக்டர் ஏதோ சொல்ல, தங்கை சிரிப்பது கேட்டது. பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.