சூளைக்குள் போன வயது

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் திருச்சியிலிருந்து பாசஞ்சர் வண்டி கிளம்பியது. மூன்றாம் வகுப்பு. விருத்தாசலம் வரைக்கும் மூன்று ரூபாய் பத்துக் காசு, தூரம் ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். என் பையில் மாற்றுப் புடவை ஒன்று, சீப்பு ஒன்று, பதினோரு பக்கத்துக்கு நான் எழுதிய பேச்சு ஒன்று. குடிக்க எந்த வயதில் அனுமதிக்கலாம் என்பது பேச்சின் தலைப்பு.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகள் திறந்திருந்த காலம். ஹாஸ்டலில் என் அறைத்தோழி மேரிக்கு விருத்தாசலம்தான் ஊர். அவளுடைய அக்கா வேலை பார்க்கும் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரிலேயே ஒரு சாராயக் கடை வந்துவிட்டது. மீசை அரும்பாதவனெல்லாம் அங்கே நிற்கிறான், நாங்கள் கடை வாசலில் போய் உட்காரப் போகிறோம் என்று பேட்டைப் பெண்கள் கிளம்ப, கடைக்காரர் இறங்கி வந்தாராம். "நீங்களே ஒரு வயசு சொல்லுங்க. அதுக்குக் கீழ உள்ளவனுக்கு ஊத்த மாட்டேன். பலகையே மாட்டிடுறேன்." அந்த வயதை முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை பேட்டைப் படிப்பகத்தில் கூட்டம்.

"நீ வந்து பேசுடி" என்று மேரி கூப்பிட்டாள். முதல் நாளே ஊருக்குப் போயும் விட்டாள். அவளுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று நான் கேட்கவில்லை. மேடை என்று ஒன்று இருந்தால் எனக்குப் போதும், தலைப்பு காக்கையின் நிறமாக இருந்தாலும் கிளம்பியிருப்பேன்.

அரியலூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே வெயில் பால் ஊற்றியதுபோலப் பரவியது. எதிர் இருக்கையில் மங்கலம்பேட்டை வியாபாரி ஒருவர், வைக்கோல் திணித்த காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார். ஊறுகாய் ஜாடி வாங்கப் போகிறாராம். நான் உதடசைத்துப் பேச்சை ஒப்பித்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "பரீட்சையாம்மா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த வயசுல குடிக்கலாம்னு எங்கிட்ட கேட்டா நான் என்னாம்மா சொல்லுவேன். எங்களுக்கு நூறு ஆனாலும் கூடாது."

"பொதுவாக ஒரு வயது சொல்லுங்களேன் பாய்."

"பொதுவாச் சொன்னா, ஜாடி எடுக்கறவன் குடிக்கக் கூடாது. வயசு எதுவா இருந்தா என்னா, ஒடையுறது ஜாடிதானே" என்று சொல்லிவிட்டு வெள்ளாற்றுப் பாலத்தின் சத்தத்தில் தூங்கிப்போனார்.

காலை பதினொன்று. விருத்தாசலம் ஜங்ஷனில் மேரி காத்திருந்தாள். குதிரை வண்டிக்கு எழுபத்தைந்து காசு. பேட்டைக்குள் நுழைந்ததும் நான் பேச்சை மறந்துவிட்டேன். அங்கே எல்லாவற்றின்மேலும் ஒரு வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. வேப்பிலைமேல், சைக்கிள் சீட்டுமேல், பெண்களின் கண் இமைமேல். பலகை பலகையாக மின்கம்பப் பீங்கான்கள் காய்கின்றன. அதற்கு அடுத்த பலகையில் கண் எழுதாத பொம்மைகள், நூறு முகங்கள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. யாரும் உரக்கப் பேசுவதில்லை. எங்கேயோ ஒரு மூச்சு மட்டும் விடாமல் கேட்கிறது.

"அது சூளை" என்றாள் மேரி. "நிறுத்தவே மாட்டாங்க. ஞாயித்துக்கெழமையும் எரியும்."

நான் சூளை என்றால் கூம்பாக ஒன்றை நினைத்திருந்தேன். இது ரயில் குகை மாதிரி நீளமாகப் படுத்திருந்தது. ஒரு முனையில் தண்டவாளத்தில் இரும்பு வண்டியை ஏற்றித் தள்ளுகிறார்கள். நெருப்பின் நடுவே அங்குலம் அங்குலமாக நகர்ந்து மூன்றாம் நாள் மறு முனையில் அது வெளியே வருகிறது. பேட்டைக்கே பொதுவான சூளை. ஒவ்வொரு பட்டறைக்கும் முறை உண்டு.

மேரியின் அக்கா லூர்து மேரி, இருபத்தெட்டு வயது, பட்டறையில் தூரிகை வேலை செய்கிறவர். ஜாடியில் கம்பெனிப் பெயர், கோப்பையில் கொடி, பொம்மைக்குப் புருவம் எல்லாம் அவர் கைதான். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவரே எல்லாம். "வாம்மா, வூடு சின்னது, பொழுது பெருசு, ஒக்காந்து பேசலாம்" என்றார். மல்லாட்டை வறுத்து வைத்திருந்தார். வேர்க்கடலையைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

மாலை நாலு மணிக்குத் தம்பி அந்தோணி வந்தான். நெடுநெடுவென்று உயரம், அதைவிட நீளமான கைகள். சூளை வண்டியில் சரக்கு அடுக்குகிற வேலை. என்னைப் பார்த்து, "வாங்கக்கா, நல்லா பேசுங்க, நம்ம பேட்டைல எவனுக்கும் பேச வராது" என்று சிரித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போய்விட்டான். அக்கா அவன் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் ஒரு பலகைக் கோப்பையைக் கீழ போட்டுட்டான்" என்று மேரி என்னிடம் மெல்லச் சொன்னாள். "கை நழுவிடுச்சாம்." நான் அப்போது என் ஆறாம் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை பதினொன்று. மாதா கோயிலில் பூசை முடிந்து அக்காவும் மேரியும் வர, மூவருமாகப் படிப்பகத்துக்குப் போனோம். முப்பது பேர் இருக்கும். தலைமை கோவிந்தசாமி மேஸ்திரி. கடைக்காரர் முன் வரிசையில் அங்கவஸ்திரத்தோடு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பலகையை மரத்தில் எழுதினால் மழையில் அழிந்துவிடும், பீங்கானிலேயே செய்துவிடலாம் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இரண்டடிக்கு ஓரடிப் பலகை ஒருமுறை வெந்து தயாராக இருந்தது. இன்னும் எழுத்தும் கிளேஸ் என்கிற மெருகும் மட்டும் பாக்கி. "நம்ம பட்டறை மொறை இன்னிக்கு மூணு மணிக்கு. உட்டா அடுத்தது பத்து நாளு. அதனால சுருக்கமாப் பேசி ஒரு நம்பரைக் குடுங்க" என்றார் மேஸ்திரி.

சட்டத்தில் என்ன வயது என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மேஸ்திரியே தொடங்கினார். "பதினெட்டு. பதினெட்டுல மண்ணு மூட்டையைத் தூக்குறான், குடும்பத்தைத் தூக்குறான். கிளாஸை மட்டும் தூக்கக் கூடாதுன்னா என்னா நாயம்?"

"அறுவது" என்றார் அச்சு வேலை செய்யும் ஒரு பெண்.

"அறுவதுல குடிக்கிறதுக்குப் பேரு கஷாயம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கல்யாணம் ஆனவனுக்கு மட்டும்னு வெச்சா?"

"வெச்சுப் பாரு. எல்லாப் பயலும் எம் பொஞ்சாதியாலதான் குடிச்சேம்பான்."

சிரிப்பு அடங்கியதும் லூர்து அக்கா எழுந்தார். "இருவத்தஞ்சு வெக்கணும். பச்சை மண்ணுல தண்ணி ஊத்துனா கரையும். ஒரு தடவ வெந்தது கரையாது, ஆனா ஊத்த ஊத்தக் குடிச்சிக்கிட்டே இருக்கும். கிளேஸ் போட்டு ரெண்டாந்தடவ வெந்தாத்தான் உள்ள எறங்காது. பசங்க இருவது வயசுல ஒரு தடவ வெந்திருக்கானுங்க, அவ்ளோதான்." உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் மண் வேலைக்காரர்கள். உள்ளே போய்விட்டது அந்தப் பேச்சு. என் பதினோரு பக்கமும் ஆட்டம் கண்டது. அதனாலேயே எனக்கு வேகம் வந்தது. ஓட்டுப் போட இருபத்தொன்று, நாட்டையே கையில் கொடுக்கிற வயதில் ஒரு குவளையைக் கொடுக்க மாட்டோம் என்பது எப்படி என்று கேட்டேன். கடைசியில், "அக்கா சொன்னது அழகான உவமை. ஆனால் மனிதனுக்கு இரண்டாவது சூளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லையே" என்றேன். படிப்பகம் கைதட்டியது. அக்காவும் சிரித்தார். கையைத் தூக்கச் சொன்னார்கள். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது கைகள். வென்றுவிட்டேன்.

பிற்பகல் இரண்டேகால். பட்டறையில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. அக்கா சாம்பல் நிறக் குழம்பைத் தொட்டு எழுதத் தொடங்கினார். இப்போது சாம்பல், வெந்தால் நீலமாம். 'இருபத்தொரு வயது நிறையாதவருக்குச் சாராயம் இல்லை.' எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

"அந்தோணிக்கு என்ன வயது?" என்று சும்மாதான் கேட்டேன்.

"பத்தொம்பது" என்றார் அக்கா. "சர்ட்டிபிகேட்டுல இருவத்தொண்ணு."

எனக்குப் புரியவில்லை. மேரி தரையைப் பார்த்தபடி சொன்னாள். பள்ளியில் சேர்க்க அப்போது தலைக்குமேல் கையைப் போட்டு எதிர்ப்பக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. அம்மா காலையிலேயே மல்லாட்டை பிடுங்கப் போய்விடுவார். மூன்று வயதுப் பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

"அவனுக்குப் பொறக்கும்போதே கை நீளம்" என்றார் அக்கா. "இருந்தும் எட்டலை. நாந்தான் பின்னால நின்னுக்கிட்டு தலையை இப்படிச் சாச்சு உட்டேன். தொட்டுட்டான். வாத்தியாரு அஞ்சுன்னு எழுதிட்டாரு. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. ரெண்டு வருசம் ஏமாத்திட்டோம்னு அன்னிக்குப் பூரா ஒரே சந்தோசம். கோயில் ஞானஸ்நானப் பொஸ்தகத்துல நெசத் தேதி இருக்குது. அதை யாரு கேக்கறா?"

"இதை ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை அக்கா?"

"எந் தம்பி குடிக்கிறான்னு முப்பது பேரு முன்னால சொல்றதா? இவளாலயே உங்கிட்ட சொல்ல முடியலை. நீ பேசித் தடுத்துடுவேன்னு நெனச்சா."

நெனச்சா என்ற சொல்லில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைதட்டல் சத்தம் காதில் இன்னும் இருந்தது, தண்ணீருக்குள் கேட்பதுபோல. மேஸ்திரியிடம் போய் எண்ணை மாற்றச் சொல்கிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். "முடிவானது முடிவானதுதான். நம்பர் கெடக்கட்டும்."

தூரிகையை மறுபடி நனைத்தார். முதல் வரிக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், கூட்டம் பேசாத ஒரு வரியை எழுதினார். 'வயதை வீட்டார் வந்து சொல்ல வேண்டும்.'

மேரி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா செம்பால் மெருகுக் குழம்பை மொண்டு பலகையின் மேலிருந்து ஊற்றினார். பால்போல வழிந்தது. ஒருமுறை வெந்த மண் அதை அப்படியே குடித்துக்கொண்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மறைந்தது, முதல் வரி மறைந்தது, இரண்டாம் வரியும் மறைந்தது. வெறும் வெள்ளை. இனி நெருப்புக்குள் போய் வந்தால்தான் யாராலும் படிக்க முடியும்.

"நாந்தான் ரெண்டு வருசம் குடுத்தேன்" என்றார் அக்கா. "நானே எடுத்துக்கறேன்."

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம். வண்டி அடுக்கி முடிந்திருந்தது. பலகைக்காக மேல் தட்டில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். அந்தோணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. "என்னா நம்பரு ஆச்சு?"

"இருபத்தொன்று" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "நீங்க கெலிச்சிட்டீங்களா அக்கா? நான்தான் சொன்னனே." பிறகு பலகையைத் தூக்கினான். மெருகில் விரல் பட்டால் அச்சு விழும் என்பதால் விளிம்பை மட்டும் உள்ளங்கைகளால் அழுத்திப் பிடிக்க வேண்டும். விரல்கள் நடுங்கின. மேஸ்திரி, "டேய், பாத்துடா" என்றார். அது விழக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அக்காவோ அவன் கையைப் பார்க்கவே இல்லை, பாதையில் கிடந்த ஓர் ஓட்டுத்துண்டைக் காலால் ஒதுக்கினார். பத்தடி தூரம். ஒரு குழந்தையைத் தூங்க வைப்பதுபோல அவன் அந்த வெள்ளைப் பலகையை மேல் தட்டில் சாய்த்து வைத்தான். கதவைத் தூக்கினார்கள். உள்ளே நெருப்பு ஆரஞ்சு நிறத்தில் அசையாமல் நின்றது. வண்டி அதற்குள் போயிற்று.

திங்கள் காலை எட்டு மணி வண்டியில் மேரியும் நானும் திரும்பினோம். என் தலைமுடியிலிருந்து வெள்ளைப் பொடி ஜன்னல் காற்றில் பறந்தது. எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். அங்கே வயது ஜாதகப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும், நாழிகை தவறாமல். அதனால் எண் என்றால் அது மனிதர்களுக்கு வெளியே எங்கேயோ உறுதியாக இருக்கிறது என்று நினைத்தே வளர்ந்தேன். பெண்ணாடம் தாண்டுவதற்குள் நான் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மேரி மூன்று முறையும், "மல்லாட்டை தின்னுடி" என்றாள். யாரும் பார்க்காதபோது வலக்கையைத் தலைக்குமேல் போட்டு இடக்காதைத் தொட்டுப் பார்த்தேன். தலையைச் சாய்க்காமலே எட்டியது.

இரண்டு வாரம் கழித்து ஹாஸ்டலுக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. முத்து முத்தான எழுத்து. மேரி படிக்க, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

'பலகை நல்ல நீலமாக வெந்து வந்தது. மேஸ்திரி படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பலகை மாட்டுவதாக முப்பது பேர் முன்னால் சொன்ன வார்த்தை என்று கடைக்காரர் மாட்டிவிட்டார். சனிக்கிழமை அந்தோணி கடைப்பக்கம் போய்விட்டு வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றான். பிறகு, அக்கா, எனக்கு எத்தனை வயசு என்று கேட்டான். பத்தொன்பது என்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.'